செங்கம்மாவின் செக் பவர்

வட்டத் தலைமையிடமான மண்டல் டவுன் ட்ரெஷரியில் மூன்றாவது முறையாகச் செக் திரும்பி வந்தபோது, நொச்சிக்கண்டிகையின் சர்பஞ்ச், அதாவது ஊராட்சித் தலைவி செங்கம்மா ஜன்னலை விட்டு நகரவில்லை. பின்னால் நின்ற பென்ஷன்காரர்கள் முணுமுணுக்க ஆரம்பித்தார்கள். அவளோடு வந்திருந்த பஞ்சாயத்துச் செயலாளர் பவன்குமார் காளஹஸ்திப் பக்கத்துத் தெலுங்குப் பையன், வேலைக்கு வந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. "அக்கா, தா பாருங்க, எல்லாரும் பாக்கறாங்க. போலாம்" என்றான். அவள் போனாள், ஆனால் வெளியே அல்ல. தடுப்புக் கதவைத் தள்ளிக்கொண்டு நேரே அதிகாரி அறைக்குள் போய் நின்றாள்.

அங்கே உட்கார்ந்திருந்த பத்மாவதிக்கு நகரி சொந்த ஊர். தறிக்காரர் வீட்டுப் பெண், அதனால் தமிழிலேயே பேசலாம்.

"மேடம், எங்க ஊரு வரித் துட்டு. எங்க ஊர்ல கீற கம்பெனி கட்டுனது. கணக்குல கீதுன்னு நீங்களே சொல்றீங்க. அப்பறம் இன்னாத்துக்குக் குடுக்க மாட்றீங்க?"

"இருக்கு. இல்லன்னு நான் சொல்லல. எடுக்கத்தான் முடியாது. ஃப்ரீஸிங் போட்டிருக்காங்க."

"யாரு போட்டாங்க?"

பத்மாவதி கதவைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள். "எல்லா ஊர்ப் பணமும் ஒரே குளத்துல கிடக்குதும்மா. இப்பக் குளத்துல தண்ணி கம்மி. சம்பளத்துக்கும் பென்ஷனுக்கும் மொதல்ல விடணும். அதுக்கு மேல எந்த பில்லை விடணும்னு மேலருந்து போன் வரும். வந்தாத்தான் நான் கையெழுத்துப் போடலாம்."

"அப்ப அதையே ஒரு காகிதத்துல எழுதிக் குடுங்க. ஊர்ல காட்டிக்கறேன்."

"காகிதத்துல எனக்கே வரலம்மா. உனக்கு எப்படிக் குடுப்பேன்?"

செங்கம்மா அந்தச் செக்கை நான்காக மடித்து இடுப்புப் பையில் செருகிக்கொண்டு வெளியே வந்தாள். மாநிலம் இரண்டாகப் பிரிந்த அடுத்த வருஷம் அது. ஆந்திராவின் புதுக் கஜானா தள்ளாடுகிறது என்று டீக்கடையில் எல்லோரும் பேசிக்கொண்டார்கள். ஆனால் அந்தத் தள்ளாட்டம் தன் ஊர்க் குழாய் வரைக்கும் வரும் என்று அவள் நினைத்ததில்லை.

அவளுடைய குடும்பத்துக்கு பத்து வருஷத்துக்கு முன்னால்வரை கைப்பிடி நிலம் கிடையாது. கரும்பு வெட்டப் போனாள், நாற்று நடப் போனாள். பிறகு அரசாங்கம் கொடுத்த முக்கால் ஏக்கரில் கடலை போட்டாள். தடாவுக்கும் சத்தியவேட்டுக்கும் நடுவே கம்பெனிகள் முளைத்தபோது புருஷன் வேதாச்சலத்துக்கு ஸ்ரீ சிட்டி தொழிற்பேட்டையில் வாட்ச்மேன் வேலை கிடைத்தது. சர்பஞ்ச் பதவி பெண்ணுக்கு, அதுவும் காலனிப் பெண்ணுக்கு என்று ஒதுக்கீடு வந்த வருஷம், ஊர்ப் பக்கத்துப் பெரிய வீட்டு ஜெயச்சந்திரன் அவளைத் தேடி வந்தான். பதினைந்து வருஷமாகப் பஞ்சாயத்து அவன் வீட்டுக் கொல்லையில்தான் நடந்துகொண்டிருந்தது. "நீ நில்லு செங்கம்மா, மத்ததை நான் பாத்துக்கறேன்" என்றான். அவள் சர்பஞ்ச் ஆனாள். அவன் உப சர்பஞ்ச். முதல் வருஷம் முழுக்க அவன் விரல் வைத்த இடத்தில் அவள் கையெழுத்துப் போட்டாள்.

பிறகு ஊர் எல்லையில் அட்டைப்பெட்டி கம்பெனி ஒன்று வந்தது. ஸ்ரீ சிட்டியில் செய்கிற சாமான்களுக்கெல்லாம் பெட்டி அங்கிருந்துதான் போகும். அந்தக் கம்பெனி கட்டிய சொத்து வரி, நொச்சிக்கண்டிகை அதுவரை மொத்தமாகக் கண்ணால் பார்த்திராத தொகை. கோயில் தெருவுக்கு சிமென்ட் ரோடு போடலாம் என்றான் ஜெயச்சந்திரன். செங்கம்மா முதல் முறையாகத் தலையை ஆட்டவில்லை.

"காலனிக்குத் தண்ணித் தொட்டி" என்றாள்.

காரணம் எல்லோருக்கும் தெரியும். காலனியின் போர்வெல் உப்பாகிப் பல வருஷமாயிற்று. நல்ல தண்ணீர் வேண்டுமென்றால் கன்டெய்னர் லாரிகள் பறக்கிற ரோட்டைத் தாண்டி ஊர்ப் பக்கம் போக வேண்டும். போன கோடையில் அப்படிப் போன சுந்தரம்மா ஒரு காலை இழந்து வந்தாள். தீர்மானம் ஓட்டுக்கு வந்தபோது காலனி மெம்பர்களோடு ஊர்ப் பக்கத்து மெம்பர் ஒருவரும் கை தூக்கிவிட்டார். தொட்டி தீர்மானமாயிற்று. அன்றிலிருந்து ஜெயச்சந்திரன் அவள் முகத்தைப் பார்த்துப் பேசுவதை நிறுத்தினான்.

வேலையை எடுத்தவன் ரங்கன். அதே காலனிக்காரன். சென்னையில் பல வருஷம் கட்டட வேலை செய்து, மேஸ்திரியாகி, ஒரு கலவை மெஷினோடு ஊர் திரும்பியவன். "சொந்த ஊர்ல என் கையால ஒரு தொட்டி நிக்கணும்க்கா" என்று சொல்லித்தான் எடுத்தான். நகரியில் ஒரு ஃபைனான்ஸ்காரரிடம் கடன் வாங்கினான். போர் போட்டான், தூண் எழுப்பினான், மேலே தொட்டியை வார்த்தான். மோட்டாரும் பைப்பும் மட்டும் பாக்கி. அந்த நேரத்தில்தான் ட்ரெஷரி அவன் செக்கைத் திருப்பியது.

ஒரு மாதம் பொறுத்தான். இரண்டாம் மாதம் செங்கம்மா வீட்டுக்கு வந்து வாசலிலேயே நின்றான்.

"ஃபைனான்ஸ்காரன் ஆளுங்க வந்துட்டுப் போனாங்க. அடுத்த வாட்டி வந்தா மெஷினைத் தூக்கிக்கினு பூடுவாங்க. எனக்கு இன்னா பதில் சொல்ற?"

"சித்தூருக்குப் போறன்டா. பெரிய ஆபீஸ்லயே கேட்டுட்டு வரேன்."

"கேளு, கேளு. ஊர்ல இன்னா பேசிக்கிறாங்கன்னு அதையும் கேட்டுக்கோ."

அவள் கேட்க வேண்டியிருக்கவில்லை. மறுநாள் காலை ரோட்டோரத்தில் குடத்தோடு நின்ற கிருஷ்ணம்மா, செங்கம்மாவின் ஓட்டுக்காக வீடு வீடாக நடந்தவள், எல்லார் முன்னாலும் கேட்டுவிட்டாள்: "தொட்டித் துட்டை நீ துன்னுட்டியாமே? நெசமாடி?"

ஒரு லாரி கடந்து போனது. அந்தச் சத்தத்தில் செங்கம்மாவின் பதில் அடிபட்டுப் போனது. அன்று வீட்டில் அவள் சோறு தின்னவில்லை.

சித்தூரில் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு வாங்குவார்கள், அங்கே அதற்கு அர்ஜி என்று பேர். புத்தூர், நகரி வழியாகப் பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தபோது வரிசை வாசலைத் தாண்டியிருந்தது. அவளுக்கு முன்னால் நின்ற ஹாஸ்டல் வார்டன் ஒருவர், மளிகைக்காரன் அரிசி போட மாட்டேன் என்கிறான், பிள்ளைகளுக்கு நாளைக்கு என்ன சமைப்பது என்று தெலுங்கில் யாரிடமோ போனில் கெஞ்சிக்கொண்டிருந்தார். அவருக்கும் முன்னால் ஒரு ரிட்டயர்ட் வாத்தியார், மகள் கல்யாணத்துக்குத் தன் சேமநல நிதியைக் கேட்டு வந்திருந்தார். எல்லோருக்கும் பணம் இருந்தது, யாருக்கும் கிடைக்கவில்லை. செங்கம்மாவுக்கு அப்போதுதான் விஷயத்தின் அளவு புரிந்தது. தன் ஊருக்கு மட்டும் வந்த வஞ்சனை என்று இதுவரை நினைத்திருந்தாள்.

மேஜைக்குப் பின்னால் இருந்த அதிகாரி அர்ஜியை வாங்கி ஒரு ரசீது கொடுத்தார். "மார்ச் தாக்கா ஓப்பிக பட்டண்டி" என்றார். மார்ச் வரை பொறுத்துக்கொள்ளச் சொல்கிறார்.

பஸ் ஸ்டாண்டுக்கு நடக்கும்போது ஒரு ரோடு கான்ட்ராக்டர் கூடவே வந்தார். அவர் சிரித்தபடி சொன்னார்: "மார்ச்சும் இல்ல, மாசியும் இல்லம்மா. எம்.எல்.ஏ. ஆள் யாராவது தெரியுமா? ஒரு போன். என் பில்லு போன வாரம் அப்பிடித்தான் பாஸாச்சு."

அவளுக்குத் தெரிந்த அப்படிப்பட்ட ஆள் ஒருவன்தான்.

அவனே வந்தான். சித்தூருக்குப் போய் வெறுங்கையோடு திரும்பினாள் என்பது அவனுக்கு எப்படியோ தெரிந்திருந்தது. பஞ்சாயத்து ஆபீசில், பவன்குமார் இருக்கும்போதே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான் ஜெயச்சந்திரன்.

"ரங்கன் பில்லை நான் பாஸ் பண்ணித் தரேன். ஒரு வாரம் போதும்."

"சரி. பண்ணுங்க."

"அடுத்த அரைவருஷ வரி கம்பெனிலருந்து வரும் இல்ல, அது கோயில் தெரு ரோட்டுக்கு. வேலையை என் மச்சான் எடுப்பான். இப்பவே ஒரு தீர்மானம் எழுதிக்கலாம்."

பவன்குமார் மின்விசிறியைப் பார்த்தான். செங்கம்மாவுக்கு ரங்கனின் முகம் நினைவுக்கு வந்தது. இரண்டு வரி எழுதினால் போதும், மெஷின் பிழைக்கும், குழாயில் தண்ணீர் வரும். வாய் வரைக்கும் வந்த "சரி"யை அவள் எப்படி விழுங்கினாள் என்பது அவளுக்கே பின்னால் புரியவில்லை.

"எங்க துட்டை எங்களுக்குக் குடுக்கறதுக்கு உனுக்குக் கமிஷனா?" என்று கேட்டாள். அவனை 'நீ' என்று அழைத்தது அதுதான் முதல் தடவை.

அவன் எழுந்தான். "நாற்காலி யாரு குடுத்ததுன்னு மறந்துட்ட. பரவால்ல."

அடுத்த வாரம் நகரி ஆட்கள் ரங்கனின் மெஷினை டிராக்டரில் கட்டி இழுத்துக்கொண்டு போனார்கள். அதே வாரம் கம்பெனியிலிருந்து அடுத்த அரைவருஷத்துச் செக் வந்தது. செங்கம்மா அதைக் கையில் வாங்கினாள். பவன்குமார் சலான் எழுத உட்கார்ந்தான்.

"எழுதாத."

"என்னக்கா?"

"இதையும் அந்தக் குளத்துல கொட்டச் சொல்றியா? போட மாட்டேன். வெச்சிக்கறேன்."

பவன்குமார் பேனாவைக் கீழே வைத்தான். "அக்கா, அது ரூல் இல்ல. வந்த பணத்தை உடனே ட்ரெஷரியில கட்டணும். இல்லாங்காட்டி ரெண்டு பேர் மேலயும் கேஸு. எனக்கு ஆறு மாசத்துல பர்மனென்ட் பண்ணணும் அக்கா. தயவுசெஞ்சு."

"உன் பேரை இழுக்க மாட்டேன். நான்தான் தரலன்னு எழுதிப்போடு."

அவன் அப்படியே எழுதிப் போட்டான். அவனுக்கு வேறு வழியில்லை. பத்து நாளில் திருப்பதி டிவிஷன் ஆபீசிலிருந்து நோட்டீஸ் வந்தது. நேரில் வந்து விளக்கம் தர வேண்டும்.

திருப்பதி பஸ் முழுக்க மொட்டையடிக்கப் போகிற ஜனங்கள். கோவிந்தா கோஷத்துக்கு நடுவில் அவள் மட்டும் என்ன பேசுவது என்று வாய்க்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டே போனாள். அதிகாரி கத்துவார் என்று எதிர்பார்த்திருந்தாள். அவர் கத்தவில்லை, தண்ணீர் கொடுத்து உட்காரச் சொன்னார். அதனால் அவளுக்கு இன்னும் பயமாக இருந்தது. தெலுங்கில்தான் பேசினார். அவளுக்கு அது நன்றாகவே புரியும்.

அரசாங்கப் பணத்தைக் கையில் வைத்திருப்பதற்கு, தற்காலிகமாக இருந்தாலும், கையாடல் என்றுதான் பெயர் என்றார். "நான் ஒரு பைசா எடுக்கலைங்க" என்றாள். அது தனக்குத் தெரியும் என்றார். பிறகு கேட்டார்:

"உங்க காலனியில எத்தனை கிழவிங்க வயசானவங்க பென்ஷன் வாங்கறாங்க? பக்கத்து ஆஸ்பத்திரி நர்ஸுக்குச் சம்பளம் எங்கிருந்து போகுது? எல்லாம் அதே குளம்தான். ஒவ்வொரு சர்பஞ்சும் உன்ன மாதிரி தன் பங்கைப் பிடிச்சு வெச்சுக்கிட்டா, வரியே இல்லாத ஊர் என்ன பண்ணும்? உன் ஊர்ல கம்பெனி வந்துச்சு. பத்து வருஷம் முன்னால வரலையே. அப்ப யார் பணத்துல உன்ன மாதிரி ஆளுங்களுக்கு நிலம் வந்துச்சு?"

செங்கம்மா டம்ளரைக் கீழே வைத்தாள். அவர் சொன்னதில் பொய் இல்லை. தெலுங்கும் தமிழும் கலந்து மெதுவாகச் சொன்னாள்:

"எடுத்துக்கிங்க சார். கஷ்டத்துக்கு எடுத்தோம், இப்பத் திருப்பித் தருவோம்னு ஒரு வார்த்தை எழுதிக் குடுத்துட்டு எடுத்துக்கிங்க. நான் ஊர்ல சொல்லிக்கறேன். ஒண்ணியும் எழுத மாட்டீங்க. பணம் கீதும்பீங்க, தர மாட்டீங்க. நடுவுல திருடிங்கற பேரு எனக்கு. போன் வந்தவனுக்கு மட்டும் பில்லு பாஸாவுது. அது எந்தக் குளம் சார்?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "கிராம சபை கூட்டு. அங்க சொல்லு. ஆனா செக்கை வெள்ளிக்கிழமைக்குள்ள கட்டிடு. இல்லன்னா உன் செக் பவரை எடுத்துடுவேன். வேற வழி இல்ல எனக்கு."

புதன்கிழமை காலை பள்ளிக்கூட மைதானத்தில் சபை கூடியது. வழக்கமாக இருபது பேர் வருவார்கள். அன்று ஷிப்டுக்குப் போக வேண்டியவர்கள்கூட யூனிஃபார்மோடு நின்றார்கள். ஊர்ப் பக்கம் ஒரு கும்பல், காலனி ஒரு கும்பல். ஒற்றைக் காலோடு சுந்தரம்மா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். ரங்கன் கடைசியில், சுவர் ஓரம்.

ஜெயச்சந்திரன் முதலில் எழுந்தான். "ஊர் வரிச் செக்கு ஒரு மாசமா இந்தம்மா வீட்டுப் பொட்டில கீது. போன தடவை பணமும் எங்கன்னு தெரியல. தொட்டி நிக்குது, தண்ணி இல்ல. இதுக்குப் பேரு இன்னா? நீங்களே சொல்லுங்க."

கூட்டம் இரைந்தது. யாரோ ஒருவன் "பதில் சொல்லு" என்று கத்தினான். செங்கம்மா இடுப்புப் பையிலிருந்து இரண்டு செக்குகளையும் எடுத்துத் தூக்கிப் பிடித்தாள்.

"இது ரங்கனுக்கு நான் எழுதுனது. ட்ரெஷரி திருப்பிப் போட்டது. இது கம்பெனி குடுத்தது. நான் கட்டாம வெச்சிக்கினு கீறது. நான் சொன்னா நம்ப மாட்டீங்க. செயலாளர் சொல்லட்டும்."

எல்லார் கண்ணும் பவன்குமார் மேல் திரும்பியது. அவன் எழுந்தான், உட்காரப் பார்த்தான், மறுபடி எழுந்தான். ஜெயச்சந்திரன் அவனையே பார்த்துக்கொண்டிருந்தான். அவன் மைக்கை வாங்கினான்.

"பணம் ட்ரெஷரி கணக்குல இருக்கு" என்றான் பவன்குமார். "நானே பார்த்தேன். மூணு தடவை அக்காவோட போனேன். எடுக்க விடல. அக்கா ஒரு ரூபா தொடல." கண்ணை மூடிக்கொண்டு சேர்த்தான்: "கோயில் தெரு ரோட்டுக்குத் தீர்மானம் எழுதினா பில்லு ஒரு வாரத்துல பாஸாகும்னு உப சர்பஞ்ச் காரு என் எதிர்லதான் சொன்னாரு."

முன்வரிசையில் சுந்தரம்மா ஜெயச்சந்திரன் பக்கம் திரும்பினாள். பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஊர்ப் பக்கத்து ஆட்களே ஜெயச்சந்திரனை நோக்கிக் கை நீட்டினார்கள். அந்த இரைச்சலுக்கு நடுவே ரங்கன் கூட்டத்தைப் பிளந்துகொண்டு முன்னால் வந்தான். அவள் மேல் கை வைத்துவிடுவானோ என்று வேதாச்சலம் குறுக்கே வந்து நின்றான்.

"தள்ளு மாமா. ஒரே கேள்விதான். அக்கா, அந்தச் செக்கைக் கட்டுனா என் துட்டு வருமா?"

"தெரியாதுடா."

"கட்டலன்னா?"

"அப்பவும் வராது."

ரங்கன் அவள் கையிலிருந்த செக்கைப் பார்த்தான். அவன் கண் சிவந்திருந்தது. "அப்பக் கட்டிடு. என்னுது போனது போச்சு. உன் பேராவது மிஞ்சட்டும்" என்றான். சொல்லிவிட்டு யாரையும் பார்க்காமல் மைதானத்தை விட்டு நடந்தான்.

செக்கைப் பவன்குமாரிடம் அவள் அங்கேயே கொடுத்தாள். எங்கள் பணத்தை எதற்காக நிறுத்தினீர்கள், எப்போது விடுவீர்கள் என்று எழுத்தில் பதில் தர வேண்டும் என ஒரு தீர்மானமும் போட்டு அனுப்பினார்கள். அதற்கு இன்றுவரை பதில் வரவில்லை.

வியாழக்கிழமையே பணம் கட்டியாயிற்று. ஆனாலும் திங்கட்கிழமை உத்தரவு வந்துவிட்டது. ஒரு மாதம் செக்கைப் பிடித்து வைத்த குற்றத்துக்காக ஆறு மாதம் செக் பவர் ரத்து. அதுவரை கையெழுத்து உப சர்பஞ்சுடையது. மைதானத்தில் தலைகுனிந்து போன ஜெயச்சந்திரன் பேனாவோடு திரும்பி வந்தான்.

மார்ச் கடைசி வாரத்தில் குளத்தின் மதகு கொஞ்சம் திறந்தது. ரங்கனின் பில் பாஸானது, ஜெயச்சந்திரன் கையெழுத்தில். பணம் வந்தபோது ரங்கன் ஊரில் இல்லை. மறுபடி சென்னையில், வேறொருவர் சைட்டில், தினக்கூலிக் கொத்தனாராக இருந்தான். வந்ததில் பெரும்பகுதியை நகரி வட்டி விழுங்கிக்கொண்டது. மெஷின் திரும்பவில்லை. மோட்டாரையும் பைப்பையும் வேறு ஆள் வைத்துப் பொருத்தினார்கள். அதைச் சொல்ல செங்கம்மா போன் செய்தபோது, "தண்ணி நல்லாக் கீதா?" என்று மட்டும் கேட்டான். "நல்லாக் கீதுடா" என்றாள். அவன் வைத்துவிட்டான்.

குழாய் திறப்பு விழாவுக்குப் பந்தல் போட்டார்கள். ஜெயச்சந்திரன் தேங்காய் உடைத்து, குழாயைத் திருகி, போட்டோ எடுத்துக்கொண்டான். செங்கம்மா மேடைக்குப் போகவில்லை. கூட்டம் கலைந்த பிறகு குடத்தை எடுத்துக்கொண்டு வரிசைக்குப் போனாள். முன்னால் நின்ற கிருஷ்ணம்மா திரும்பிப் பார்த்தாள். மன்னிப்பு எதுவும் கேட்கவில்லை. செங்கம்மாவின் குடத்தை வாங்கித் தன் குடத்துக்கு முன்னால் வைத்தாள்.

செக் பவர் திரும்பி வந்த அன்று செங்கம்மா பெயின்டரைக் கூப்பிட்டாள். பஞ்சாயத்து ஆபீசின் ரோட்டுப் பக்கச் சுவரில் பெரிய எழுத்தில் இரண்டு வரி எழுதச் சொன்னாள், தமிழிலும் தெலுங்கிலும். நம் கணக்கில் இருக்கும் பணம் இவ்வளவு. அதில் இன்று எடுக்க முடிந்தது இவ்வளவு. மாதா மாதம் அழித்து எழுத வேண்டும் என்று அவனிடம் பேசி வைத்தாள். அந்த மாதம் இரண்டாவது வரியில் சைபர்.

மண்டல் ஆபீசிலிருந்து போன் வந்தது. அரசாங்கத்துக்குக் கெட்ட பேர், சுண்ணாம்பு அடித்துவிடுங்கள் என்றார்கள். பவன்குமார் போனை நீட்டினான்.

"எழுத்துல அனுப்புங்க சார்" என்றாள் செங்கம்மா. "வந்ததும் அடிச்சிடறேன்."